கச்சேரியடிப் போட்டோகொப்பிக் கடையிலிருந்து: அவசரக் கடனுக்குப் போகிறவர்களுக்கு

திருகோணமலைக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, கிட்ட சின்னதாக ஒரு போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறேன். 2020 மே மாதம் ஊரடங்கு தளர்ந்து கடையைத் திறந்தபோது, பள்ளிக்கூடமும் இல்லை, கல்யாண வீடும் இல்லை, இனி யார் வந்து என்ன கொப்பி எடுக்கப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஒரு கிழமையில் தாள் முடிந்துவிட்டது. வந்தவர்கள் எல்லோர் கையிலும் ஒரே மாதிரி பைல், உள்ளே கடன் விண்ணப்பம். உப்புவெளி விடுதிக்காரர், கிண்ணியா மீன் வியாபாரி, மூதூர் நெல் வியாபாரி, ஓட்டோவை லீசிங்கில் எடுத்த பையன் என்று வரிசை வீதிவரை நின்றது.

யாருடைய பைலில் எந்தத் தாள் இல்லை என்பது போட்டோகொப்பிக்காரனுக்குத் தெரிந்துவிடும். கடன் கிடைத்ததா, கிடைத்த கடன் ஆளைத் தூக்கிவிட்டதா அமுக்கிவிட்டதா என்பதும் பிறகு தேத்தண்ணிக் கடையில் தெரிந்துவிடும். நானும் ஒரு கடன் எடுத்துக் கட்டி முடித்தவன். ஆகவே, அண்மையில் கடை போட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். அடுத்த நெருக்கடி தொற்றுநோயாக இருக்கலாம், புயலாக இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அரசாங்கம் சலுகைக் கடன் என்று ஒன்றை அறிவிக்கும். அறிவித்த அன்றைக்கு ஓடத் தொடங்குகிறவர் பிந்தியவர்தான்.

காசு யாருடையது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

2020 மார்ச் 20 ஆம் திகதி மாலை ஊரடங்கு போட்டார்கள். ஒரு கிழமையில், மார்ச் 27 ஆம் திகதி, மத்திய வங்கி சுற்றறிக்கை விட்டது. 5,000 கோடி ரூபா, தொழில்களின் நடைமுறை மூலதனத்துக்கு, ஆண்டுக்கு 4 வீத வட்டி. 'சௌபாக்கியா' கொவிட்-19 கடன் என்று பத்திரிகைகள் எழுதியது இதைத்தான். வருடப் புரள்வு, அதாவது மொத்த விற்பனை, 100 கோடிக்கு உட்பட்ட தொழில்களுக்கு என்று வரம்பு இருந்தது. சுற்றுலாவுக்கும் ஏற்றுமதிக்கும் அந்த வரம்பு இல்லை. ஒருவருக்கு உச்சம் இரண்டரைக் கோடி. எங்களூரில் அந்த உச்சத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர் ஒருவரையும் நான் காணவில்லை, எல்லோரும் கேட்டது ஐந்து இலட்சம், பத்து இலட்சம்.

'அரசாங்கம் காசு தருகிறது' என்று சனம் நம்பி வங்கிக்குப் போனது. உண்மையில் நடந்தது வேறு. கடனைக் கொடுப்பது உங்கள் வங்கி. கொடுத்த பிறகு மத்திய வங்கி அந்தத் தொகையை வங்கிக்கு மலிவாக மீள்நிதியாகக் கொடுக்கும். நீங்கள் கட்டாமல் விட்டால் நட்டம் வங்கியின் தலையில்தான். தொலைக்காட்சியில் ஒரு செய்தியும் மனேஜரின் மேசையில் வேறொரு முகமும் ஏன் இருந்தன என்பதற்கு இதுதான் காரணம். அந்த மனேஜர் கெட்டவர் இல்லை. ஊரடங்கில் பூட்டிக் கிடக்கிற விடுதிக்குக் கடன் கொடுத்துவிட்டு, பிறகு மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

காசு மெதுவாகத்தான் நகர்ந்தது. ஜூன் 16 ஆம் திகதி அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ மத்திய வங்கி அதிகாரிகளை அழைத்துக் கடிந்துகொண்டதை நாடே பார்த்தது. அதோடு திட்டம் மொத்தம் 15,000 கோடியாகப் பெருத்தது. வங்கிகளுக்கு 1 வீதத்தில் கொடுத்து, அவர்கள் 4 வீதத்தில் எங்களுக்குக் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. அப்புறம், பிணை வைக்க வழியில்லாதவர்களுக்காக, கடனில் பாதிக்கு மேற்பட்ட பங்குக்கு மத்திய வங்கியே உத்தரவாதம் நிற்கும் கட்டமும் வந்தது. வங்கிகளின் கை கொஞ்சம் இளகியது அதற்குப் பிறகுதான். இப்போது அந்த வேலைக்கென்றே தேசிய கடன் உத்தரவாத நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது.

ஆகவே அடுத்த முறை ஒரு திட்டம் அறிவித்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: நான் கட்டாவிட்டால் நட்டம் யாருக்கு? முழுவதும் வங்கிக்கு என்றால் கெட்டியான பிணையோடு போங்கள். உத்தரவாதம் இருக்கிறது என்றால் அந்த வார்த்தையைச் சொல்லியே கேளுங்கள். கவுண்டரில் இருக்கிற பிள்ளைக்கு அது தெரியாமல் இருக்கலாம். கடன் பிரிவில் இருப்பவருக்குத் தெரியும்.

இந்த இடத்தில் வெளிநாட்டு மச்சான்மாரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கனடாவில் இருந்து போன் வரும்: "இங்கே கவுண்மென்ட் நாற்பதாயிரம் டொலர் தருகுது, பத்தாயிரம் திருப்பிக் கட்டத் தேவையில்லை." அது பொய்யில்லை. 2020 ஏப்ரலில் கனடா அப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு அறுபதாயிரமாகக் கூட்டி, அதில் இருபதாயிரம்வரை கழிவு கொடுத்தது, சொன்ன திகதிக்குள் மிச்சத்தைக் கட்டினால். அமெரிக்காவிலோ ஆட்களை வேலையில் வைத்திருந்தால் கடன் முழுவதையுமே மன்னிக்கும் திட்டம் இருந்தது. முதல் ஒதுக்கீடு 34,900 கோடி டொலர், இரண்டு கிழமை முடிய முன்னமே தீர்ந்துபோனது. லண்டனில் ஐம்பதாயிரம் பவுண்வரை, முதல் வருடம் வட்டி இல்லாமல், அரசின் முழு உத்தரவாதத்தோடு கொடுத்தார்கள். எங்கள் திட்டத்தில் ஒரு சதமும் மன்னிப்பு இல்லை. ஆனால் மச்சானின் பேச்சைக் கேட்டு, "எப்படியும் கடைசியில் தள்ளுபடி செய்வார்கள்" என்று தவணை கட்டாமல் இருந்த இரண்டு மூன்று பேரை எனக்குத் தெரியும். இன்றைக்கும் அவர்களுக்கு லீசிங்கில் ஒரு மோட்டார் சைக்கிள்கூட எடுக்க முடியவில்லை.

அமைதியான காலத்தில் செய்ய வேண்டிய வேலை

பைலைப் பற்றி விரிவாகச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

வியாபாரப் பெயர்ப் பதிவு இல்லாமல் எதுவும் அசையாது. படிவம் உங்கள் பிரதேச செயலகத்தில், அதற்கு முன் கிராம உத்தியோகத்தரின் கையெழுத்து. எந்தப் பிரதேச செயலகம் என்பதில்தான் பலர் ஒரு நாளைத் தொலைக்கிறார்கள். உப்புவெளி, 'பட்டினமும் சூழலும்' என்ற பிரதேச செயலகப் பிரிவுக்குள் வரும். நிலாவெளி குச்சவெளிப் பிரிவு. நகரத்துக்கு பஸ் எடுத்து வந்து வரிசையில் நின்று, திரும்பக் குச்சவெளிக்குப் போன நிலாவெளிக்காரர்கள் எத்தனையோ பேர். பெயர்ப் பதிவு வேறு, உள்ளூராட்சி சபை வருடா வருடம் தரும் வியாபார அனுமதிப்பத்திரம் வேறு. வங்கி இரண்டையும் கேட்கும். அனுமதிப்பத்திரம் நடப்பு வருடத்துடையதாக இருக்க வேண்டும். தங்குமிடம் நடத்துகிறவர்கள் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையிலும் பதிந்து வையுங்கள். 'இரண்டு அறைதானே, எதற்கு' என்று விட்டவர்கள்தான் சுற்றுலாச் சலுகை வந்தபோது ஓரமாக நின்றார்கள்.

வங்கிக் கணக்கு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இதில்தான் எங்கள் ஊர் வியாபாரி கவிழ்கிறார். காலையில் வந்த காசு பின்னேரம் சரக்காகிவிடும், வங்கியின் கண்ணில் அது படவே படாது. ஆறு மாதக் கணக்குக் கூற்றைக் கேட்டால் மூன்று வைப்பும் ஒரு மீளப்பெறலும்தான் இருக்கும். மாதம் எட்டு இலட்சம் புரளுகிற கடை, தாளில் எண்பதாயிரம் புரளுகிற கடையாக நிற்கும். கிழமைக்கு இரண்டு தரமாவது விற்ற காசைக் கணக்கில் போட்டு, அதிலிருந்தே சரக்குக்குக் கொடுங்கள். கியூஆர் ஒட்டி வைத்தால் அதுவும் தானாகப் பதிவாகும். வருமான வரி வந்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு என் பதில்: வரி இலக்கத்தை வங்கி எப்படியும் கேட்கத்தான் போகிறது.

ஒரு சீ.ஆர். கொப்பி, அந்தத் தடித்த மட்டைக் கொப்பி, வாங்குங்கள். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு, நாளுக்கு ஒரு வரி. கணக்காளர் தேவையில்லை. 2020 இல் எனக்குத் தெரிந்த ஒரு பேக்கரிக்காரர் நான்கு வருடக் கொப்பியைப் பொலித்தீன் பையில் கட்டிக்கொண்டு வந்தார். ஓரமெல்லாம் மா ஒட்டியிருந்தது. எல்லாவற்றையும் கொப்பி எடுக்காதீர்கள் என்று நான் சொல்லியும் கேட்கவில்லை. கடன் கிடைத்த முதல் ஆட்களில் அவர் ஒருவர்.

காணி உறுதி. இது எங்கள் மாவட்டத்தின் பெரிய தலைவலி. இடம்பெயர்ந்து திரும்பியவர்களிடம் உறுதியே இல்லை. இருப்பவர்களிடம் பேர்மிட் காணி, அதாவது அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த அரச காணி, அல்லது அரசு அளிப்புப் பத்திரம். அளிப்புக் காணியை ஈடு வைக்கப் பிரதேச செயலாளரின் சம்மதம் வேண்டும். நெருக்கடி வந்த பிறகு அதற்கு ஓடினால் மாதக்கணக்காகும். இன்னொன்று, எங்கள் பக்கம் வீடு வளவு பெரும்பாலும் சீதனமாக மனைவி பெயரில் இருக்கும். ஆகவே ஈட்டில் கையெழுத்து வைக்கப்போவது மனைவி. கடன் விஷயத்தை வங்கிக்குச் சொல்லுமுன் வீட்டுக்குச் சொல்லுங்கள். அந்த வரிசையை மாற்றிச் செய்து, சட்டத்தரணியின் அலுவலகத்தில் வைத்தே சண்டை பிடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

காணி வைக்க முடியாதவர்களுக்குப் பிணையாளர் இருவர் வேண்டும். அரச உத்தியோகத்தர் என்றால் வங்கிக்கு விருப்பம். ஒரு ஊரில் எத்தனை ஆசிரியர்தான் எத்தனை பேருக்குப் பிணை நிற்பார்கள்! அவர்களுடைய கடன்களும் சேர்த்தே பார்க்கப்படும்.

கடைசியாகக் கிரிப். இலங்கைக் கடன் தகவல் பணியகத்தைத்தான் எல்லோரும் அப்படிச் சொல்கிறோம். நீங்கள் எந்த வங்கியில், எந்த லீசிங் கொம்பனியில் எத்தனை தவணை பிந்தினீர்கள் என்பது அங்கே இருக்கும். நீங்கள் பிணை நின்ற கடன்களும் இருக்கும். உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்க்கலாம், வங்கிக் கிளை மூலமாகவோ இணையத்திலோ விண்ணப்பித்து. வருடத்துக்கு ஒரு தடவை எடுங்கள். கட்டி முடித்த கடன் இன்னும் நிலுவை என்று நிற்பதும் நடக்கிறது, அதைத் திருத்த நாள் எடுக்கும். 2020 இல், கிரிப் பதிவு சரியில்லை என்ற ஒரே காரணத்துக்காக விண்ணப்பத்தை நிராகரிக்க வேண்டாம் என்று வங்கிகளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வாதாடி வென்றவர்களும் உண்டு.

எவ்வளவு கேட்பது

'கிடைக்கிறதை எடுப்போம்' என்று போகாதீர்கள். நடைமுறை மூலதனம் என்றால் கடை ஓடத் தேவையான காசு: வாடகை, சம்பளம், கரண்ட் பில், சரக்கு. 2020 திட்டத்தில் வங்கிகள் ஏறக்குறைய இரண்டு மாதச் செலவையே அளவாக எடுத்தன. வாடகை 40,000, இரண்டு பேருக்குச் சம்பளம் 80,000, மின்சாரமும் தண்ணீரும் 15,000, சரக்கு 1,50,000 என்றால் மாதம் 2,85,000. இரண்டு மாதத்துக்கு 5,70,000. ஆறு இலட்சம் கேட்டால் கணக்கைக் காட்டலாம். இருபது இலட்சம் கேட்டால் மிச்சப் பதினான்கு இலட்சம் எதற்கு என்று கேட்பார்கள். மேல்மாடி கட்டவும் பழைய வட்டிக்காரனை அடைக்கவும் இந்தக் காசு இல்லை. அதற்குப் பயன்படுத்தியவர்களும் இருந்தார்கள் என்பது வேறு கதை.

வட்டியை விட்டுத் தவணையைப் பாருங்கள்

எனக்குச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால் அது இந்தப் பகுதிதான்.

4 வீதம் என்றதும் எல்லோருக்கும் கண் விரிந்தது. எனக்கும்தான். ஆனால் திருப்பிக் கட்டக் கொடுத்த காலம் 24 மாதம், அதில் 6 மாதம் சலுகைக் காலம், அதாவது தவணை தொடங்காத காலம். அந்த ஆறு மாதம் போக 18 மாதத்தில் பத்து இலட்சத்தைச் சமமாகக் கட்டுவதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 வீதத்தில் மாதத் தவணை ஏறக்குறைய 57,300 ரூபா. இதே கடனை இதே 18 மாதத்தில், 15 வீத வட்டியில் கட்டினால் 62,400. இவ்வளவு பெரிய வட்டிச் சலுகையால் மாதத்துக்கு மிஞ்சுவது 5,100 ரூபாதான். அதே 15 வீதக் கடனை ஐந்து வருடத்துக்கு நீட்டினால் தவணை 23,800 ஆக இறங்கிவிடும். மொத்த வட்டி நாலே கால் இலட்சத்துக்கு மேல் போகும் என்பது உண்மை, 4 வீதத்தில் அது வெறும் 32,000. ஆகவே மலிவான கடனை விட்டுவிட்டு விலை கூடியதை எடுங்கள் என்று நான் சொல்லவில்லை. மாதம் 57,300 ரூபா உங்கள் கடையில் இலாபமாக மிஞ்சுமா என்று பார்க்கச் சொல்கிறேன். விற்பனையில் வந்த காசைச் சொல்லவில்லை, செலவு போக மிஞ்சுகிறதை.

இதில் எங்கள் ஊருக்கென்று ஒரு பொறி இருக்கிறது. கொழும்பில் வகுத்த திட்டங்களுக்கு வருடம் பன்னிரண்டு மாதம். உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் வருடம் என்பது மே முதல் செப்டெம்பர்வரை, அவ்வளவுதான். ஒக்டோபரில் வாடைக்காற்று பிறந்தால் கடல் முறுக்கிக்கொள்ளும். புறாத்தீவுப் படகுகள் கரை ஏறும், விடுதியில் ஒரு சமையல்காரரும் ஒரு நாயும்தான் மிஞ்சும். 2020 ஜூலையில் கடன் எடுத்தவருக்கு ஆறு மாதச் சலுகை எப்போது முடிந்தது? 2021 ஜனவரியில், மழைக்காலத்தின் நடுவில். போதாததற்கு டிசம்பர் 2 ஆம் திகதி புரவிப் புயலும் எங்கள் கரையிலேயே ஏறிவிட்டுப் போயிருந்தது. விமான நிலையத்தைச் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்தது ஜனவரி 21 ஆம் திகதிதான். முதல் தவணைக்கு எடுத்த கடனிலேயே கை வைத்தவர்கள்தான் அதிகம். சரி, மே வந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், ஏப்ரல் கடைசியில் மூன்றாவது அலை.

திரும்பிப் பார்த்தால் 2019 இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு ஏப்ரல் 21, 2020 இல் ஊரடங்கு, 2021 இல் மூன்றாம் அலை, 2022 இல் பெற்றோல் வரிசை. நான்கு வருடமும் அடி விழுந்தது சீசன் கதவு திறக்கிற நேரத்தில். இதைக் கொழும்பில் இருக்கிறவருக்கு நாங்கள்தான் விளங்கப்படுத்த வேண்டும்.

ஆகவே விண்ணப்பத்தோடு ஒரு பக்கக் கடிதம் வையுங்கள். மாதவாரியாக உங்கள் வருமானத்தை எழுதி, சலுகைக் காலத்தை ஜூன்வரை தாருங்கள், ஒக்டோபர் முதல் மார்ச்வரை வட்டி மட்டும் கட்டுகிறேன், சீசனில் கூட்டிக் கட்டுகிறேன் என்று கேளுங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. கந்தளாயிலும் தம்பலகாமத்திலும் விவசாயிக்குப் பயிர்க்கடன் கொடுக்கிறபோது அறுவடைக்குப் பிறகு கட்டு என்றுதானே கொடுக்கிறார்கள். கடற்கரை விடுதிக்கும் ஒரு போகம்தான். எல்லா வங்கியும் ஒப்புக்கொள்ளாது. கேட்காதவருக்கோ ஒரு வங்கியும் கொடுக்காது.

மீன் வியாபாரிகளுக்குச் சீசன் வேறு, ஆபத்தும் வேறு. 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் கொவிட் கொத்தணி உருவானதும் நாட்டில் மீன் தின்ன ஆளில்லை. முன்னாள் மீன்பிடி அமைச்சர் ஒருவர் செய்தியாளர் முன்னால் பச்சை மீனைக் கடித்துக் காட்டினார். அதைப் பார்த்து யாருக்கும் பசி எடுத்ததாகத் தெரியவில்லை. ஐஸ் போட்டாலும் மீன் கனநாள் தாங்காது. அந்த வியாபாரத்துக்கு மாதத் தவணைக் கடனைவிட, எடுத்த காசுக்கு மட்டும் வட்டி போகிற ஓவர்டிராஃப்ட் பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். கட்டுப்பாடு இல்லாத கைக்கு அது இன்னும் ஆபத்து என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

விண்ணப்பம் கொடுக்கிற நாள்

கணக்கு வைத்திருக்கிற கிளைக்கே போங்கள். புது வங்கியில் புதுமுகமாக நிற்பதைவிட அது நல்லது. படிவம் தமிழில் கேளுங்கள், தமிழும் அரச கரும மொழிதான். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால், தவணை, வட்டி மாறுமா மாறாதா, பிந்தினால் தண்டம் எவ்வளவு, இந்த மூன்றையும் வாயால் விளங்கப்படுத்தச் சொல்லிக் குறித்துக்கொண்டு கையெழுத்து வையுங்கள். மாறும் வட்டி என்பதன் பொருளை 2022 இல்தான் பலர் கண்டார்கள். அந்த ஏப்ரல் 8 ஆம் திகதி ஒரே நாளில் மத்திய வங்கி கொள்கை வட்டியை, அதாவது மற்ற வட்டிகளுக்கு அடிப்படையான வட்டியை, 7 வீதப் புள்ளி கூட்டியது. வருடக் கடைசிக்குள் பெரிய வாடிக்கையாளர்களுக்கான முதன்மைக் கடன் வீதமே 25 ஐத் தாண்டியது. நான் தாளுக்காக எடுத்த சின்ன ஓவர்டிராஃப்ட்டின் வட்டி தாளின் விலையோடு போட்டி போட்டது. மேல் மாகாணத்தில் தாள் இல்லாமல் தவணைப் பரீட்சையைத் தள்ளிவைத்த வருடம் அது.

அப்புறம், பைலைக் கொடுத்ததற்கு முத்திரை குத்திய ஒரு பிரதி வாங்குங்கள். இதை நான் என் செலவில் படித்தேன். 2020 ஜூலையில் ஒரு கிளையில் என் விண்ணப்பத்தைக் கொடுத்தேன். தெரிந்த முகம், "வையுங்க அண்ணை, பார்க்கிறம்" என்றார். செப்டெம்பர் நடுவில் போய்க் கேட்டால் அப்படி ஒரு பைலே இல்லை. அந்தத் தம்பி இடமாற்றத்தில் போய்விட்டார். விண்ணப்பம் முடியும் திகதி செப்டெம்பர் 30. ஊருக்கெல்லாம் கொப்பி எடுத்துக் கொடுத்தவன், என்னுடைய பைலுக்கு ஒரு கொப்பி வைத்திருக்கவில்லை! ஒரு இரவு முழுக்க உட்கார்ந்து திரும்பவும் எல்லாம் சேர்த்துக் கடைசிக் கிழமையில் கொடுத்தேன். கிடைத்தது, மூன்று இலட்சம். கேட்டது ஐந்து.

இல்லை என்று சொன்னால்

எழுத்தில் கேளுங்கள். 'உங்கள் விண்ணப்பம் ஏன் மறுக்கப்பட்டது' என்று ஒரு கடிதம் கிடைத்தால் திருத்த முடியும். வாயால் சொன்ன காரணம் ஆளுக்கு ஆள் மாறும். கிளையில் சரிவராவிட்டால் அதே வங்கியின் பிராந்திய அலுவலகம். அங்கேயும் இல்லையென்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம், 1935 க்கு அழைத்துத் தமிழில் பேசலாம். மத்திய வங்கிக்குத் திருகோணமலையிலேயே பிராந்திய அலுவலகம் இருப்பது பலருக்குத் தெரியாது. நிதியியல் குறைகேள் அதிகாரியும் இருக்கிறார், ஆனால் முதலில் வங்கிக்கு எழுதிய கடிதத்தின் பிரதி கையில் இருக்க வேண்டும். இன்னொரு வங்கியையும் பாருங்கள். பிரதேச அபிவிருத்தி வங்கி போன்றவை சின்னத் தொகைக்குக் கொஞ்சம் பொறுமையாகக் காது கொடுக்கும்.

வங்கி மறுத்த ஆத்திரத்தில் நேரே நுண்கடன் கொம்பனிக்கோ நாள்வட்டிக்கோ போகாதீர்கள். கிழமைத் தவணைக்காக இன்னொரு கடன், அதற்காக மற்றொன்று என்று கிழக்கில் எத்தனை பெண்கள் மாட்டிக்கொண்டார்கள் என்பது எங்களுக்குப் புதிதல்ல. நகை இருந்தால் வங்கியில் அடகு வைப்பது அதைவிட எவ்வளவோ மேல். மீட்க முடியாமல் போனாலும் போவது நகை மட்டும்தான்.

காசு வந்த பிறகு

முதல் மூன்று தவணைக்கான காசை வேறு கணக்கில் போட்டு மறந்துவிடுங்கள். மிச்சத்தைத்தான் கடன் என்று நினையுங்கள். பில்களை எல்லாம் வையுங்கள், எதற்குச் செலவழித்தீர்கள் என்று வங்கி பார்க்க வரலாம்.

மொரட்டோரியம் என்று ஒரு சொல் அப்போது எல்லோர் வாயிலும் இருந்தது. தவணையை ஒத்திவைப்பது. ஓட்டோ, பஸ், விடுதி என்று பல துறைகளுக்குக் கொடுத்தார்கள், சுற்றுலாத் துறைக்கு 2022 நடுப்பகுதிவரை நீட்டினார்கள். ஒத்திவைத்த காலத்துக்கு வட்டி ஓடியது. அந்த வட்டி பின்னர் தனிக் கடனாக வந்து நின்றபோது "இதை நான் எடுக்கவில்லையே" என்று கச்சேரியடியில் சண்டை. கட்ட முடிகிற மாதத்தில் கட்டிவிடுங்கள். உண்மையிலேயே முடியாதபோது மட்டும் ஒத்திவைப்பை எழுதிக் கேளுங்கள், ஒத்திவைத்த காசுக்கு எத்தனை வீதம் என்ற கேள்வியோடு.

தவணை பிந்தத் தொடங்கினால் மூன்று மாதம் முடியுமுன் நீங்களாகவே போங்கள். போனை எடுக்காமல் இருப்பதுதான் மிக மோசமான வழி, எங்களூரில் அதுதான் பிரபலமான வழியும். இப்போது வங்கிகளில் தொழில் மீளெழுச்சிப் பிரிவு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், தடுமாறுகிற தொழிலுக்குக் கடனை மறுசீரமைக்கத்தான். காணி ஈடு வைத்தவர்கள் பராட்டே என்ற சொல்லைத் தெரிந்து வைத்திருங்கள். 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டப்படி, வங்கி நீதிமன்றம் போகாமலே ஈட்டுக் காணியை ஏலம் விடலாம். வியாபாரிகள் கூச்சல் போட்டதால் அதை 2025 மார்ச் 31 வரை நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்தத் திகதி போய்விட்டது.

கட்டி முடித்த பிறகு

கடைசித் தவணை கட்டிய அன்று வேலை முடியவில்லை. கடன் தீர்ந்தது என்று வங்கியிடம் கடிதம் வாங்குங்கள். இரண்டு மாதம் கழித்துக் கிரிப் அறிக்கை எடுத்து அங்கேயும் தீர்ந்ததாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பிணை நின்றவர்களுக்கும் அந்தக் கடிதத்தில் ஒரு பிரதி கொடுங்கள். காணி வைத்திருந்தால், ஈட்டை விடுவிக்கும் பத்திரம் எழுதி, அது காணிப் பதிவகத்தில் பதிவாக வேண்டும். போன மாதம் ஒருவர் மகளுக்குச் சீதன உறுதி எழுத வந்தார். கடனைக் கட்டி இரண்டரை வருடமாகிறது. பதிவகத்தில் எடுத்த பிரதியில் காணி இன்னும் வங்கிக்கு ஈடாகவே இருந்தது. கல்யாணத்துக்கு இருபது நாள். விடுவிப்புப் பத்திரத்துக்குத் தேவையான தாள்களை என் கடையில் வைத்தே அடுக்கினோம், மொத்தம் பதினாறு பக்கம்.